துவக்கின் வாயும் சன்னத்தின் நிறையும்

கேள்வி: ஐயா, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் லீவர் இழுத்துச் சுடும் வின்செஸ்டர் துவக்கால் ஆப்பிரிக்காவில் சிங்கங்களை வேட்டையாடினார் என்று வாசித்தேன். எங்கள் பகுதியில் வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கோடு, காட்டில் திரியும் குழுவன் மாட்டை வேட்டையாடப் போன பெரியவர்கள், 'வாய் பெருத்தால் வெடியும் பெருக்கும்' என்பார்கள். அப்படியானால் பெரிய வாயுள்ள அந்தத் துவக்கு யானைக்கும் எருமைக்கும் போதுமானதாக இருந்ததா?
- வாசகர் ஒருவர், நெடுங்கேணி

பதில்: சிங்கத்துக்குப் போதுமாக இருந்தது, எருமைக்கும் யானைக்கும் அதை நம்பியிருக்க முடியாது. பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால், மற்றப் பாதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் துவக்கு, ஜோன் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895. அதற்கு முந்திய வின்செஸ்டர் லீவர் துவக்குகளில் ரவைகள், அதாவது சன்னமும் மருந்தும் அடங்கிய கோதுகள், குழலுக்குக் கீழே ஒன்றின் பின் ஒன்றாகக் கிடக்கும். கூர்முனைச் சன்னங்களை அப்படி அடுக்கினால், ஒன்றின் முனை முன்னாலுள்ள ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் இடித்து வெடித்துவிடக் கூடும். பிரவுனிங் இந்தத் துவக்குக்கு, ரவைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் பெட்டி போன்ற ரவைக்கூட்டை அமைத்தார். 1904 இல் இதற்கென .405 என்ற ரவை வந்தது. இத்தகைய எண்கள் குழல் வாயின் அகலத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிப்பவை. அதன் சன்னம் 10.4 மில்லிமீற்றர் தடிப்பும் ஏறத்தாழ 19 கிராம் நிறையும் கொண்டது. செக்கனுக்கு ஏறத்தாழ 670 மீற்றர் வேகத்தில் புறப்படும்.

பதவிக்காலம் முடிந்த கையோடு, 1909 ஏப்ரலில், ரூஸ்வெல்ட் தம் மகன் கெர்மிற்றுடன் மொம்பாசாவில் இறங்கினார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்கு விலங்குகளைச் சேகரிக்கும் பயணம் அது. இருவருமாகச் சுட்டவை 512 விலங்குகள். அந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. இடது கண்ணில் பார்வை இழந்திருந்த அவர், சிங்கத்துக்கு இந்த .405 ஐயே கைகண்ட மருந்து போலக் கருதினார். ஆனால் யானையைத் தேடிப் போகும்போது அவர் கையில் இருந்தது, ஆங்கில நண்பர்கள் பரிசளித்த, ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் என்ற ஆங்கிலக் கம்பனியின் இரட்டைக்குழல் துவக்கு. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்தத் தெரிவிலேயே இருக்கிறது.

சிங்கத்தின் தோல் மெல்லியது. வளர்ந்த ஆண் சிங்கம் 200 கிலோ அளவில் நிற்கும். உள்ளே போனதும் முனை விரிந்து அகலமாகக் கிழிக்கும் சன்னம் அதற்குப் பொருந்தும். ஆப்பிரிக்க எருமைக் கடாவோ 700, 800 கிலோ வரும். அதன் தடித்த தோலையும் தோள் எலும்பையும் கடந்து நெஞ்சுக்குள் போக வேண்டிய சன்னம், விரிந்தால் நடுவழியில் நின்றுவிடும். இங்கேதான் வாயைவிட நிறையும் நீளமும் முக்கியமாகின்றன. 1912 இல் வந்த .375 ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் ரவையிலும் இதே 19 கிராம் சன்னத்தைப் போடலாம். ஆனால் அது ஒல்லியானது, ஆகவே நீளமானது, வேகமும் கூடியது. ஒரே நிறையுள்ள இரும்பில் ஒன்றைக் கட்டையாகவும் மற்றதை அலவாங்காகவும் அடித்து, ஆவணி மாத வெயிலில் இறுகிக் கிடக்கும் நம் மண்ணில் குத்திப் பாருங்கள். எது இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் பல ஆப்பிரிக்க நாடுகளில் எருமைக்கும் யானைக்கும் .375 தான் கீழெல்லை.

வாய் ஒன்றாக இருந்தும் வலு மாறுவதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. 1873 இல் அமெரிக்கப் படைக்கு வந்த .45-70 ரவைக்கும், 1956 இல் ஆப்பிரிக்க வேட்டைக்கென்றே வந்த .458 வின்செஸ்டர் மக்னம் ரவைக்கும் சன்னத்தின் தடிப்பு ஒன்றே, 11.6 மில்லிமீற்றர். ஆனால் பின்னதன் வலு, பழைய கறுப்பு மருந்து ரவையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். இன்றைய உறுதியான லீவர் துவக்குகளில் .45-70 க்கு விரியாத கனத்த சன்னம் இட்டு, மிக அருகே நெருங்கி எருமையை வீழ்த்துவோர் இருக்கிறார்கள். அவர்களும் நம்புவது வாயை அல்ல, அந்தச் சன்னத்தை.

இடியனோடு ஒப்பிட்டால் லீவரின் பெருமை வேறொன்றில் இருக்கிறது. என் பெரியப்பா இடியனுக்கு மருந்து அளந்து போட்டு, தென்னந்தும்பைச் சுருட்டி வைத்து, கம்பியால் மெதுவாக இடித்து, சன்னம் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடிப்பதைச் சிறுவயதில் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். கேப்பு மாட்டி முடிப்பதற்குள் எனக்கே கால் மரத்துப் போகும். முதல் வெடி பிசகினால் குழுவனுக்கு முன்னால் அவருக்கு மரம் ஒன்றே துணை. லீவர் துவக்கிலோ, தோளிலிருந்து எடுக்காமலே லீவரைக் கீழே தள்ளினால் வெற்றுக் கோது வெளியே பாயும். மேலே இழுத்தால் அடுத்த ரவை குழலில் ஏறியிருக்கும். பாய்ந்து வரும் சிங்கத்துக்கு முன்னால் இந்த வேகம் உயிர் காக்கும். ஆனால் உள்ளே இறங்காத சன்னத்தை எத்தனை முறை விரைவாகச் சுட்டாலும், எருமை காயத்தோடு பற்றைக்குள் புகுந்து நாட்கணக்கில் வதைபட்டே சாகும். குழுவனை மங்கிய வெளிச்சத்தில் சுட்டுவிட்டு, விடிந்தபின் இரத்தத் தடம் பார்த்துப் போன நம் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.