மீண்டு வராத பாத்திரம்

வணக்கம்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் எழுத்து வழியாக ஒரு ரோல்பிளே விளையாட்டை, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாக எழுதி ஆடும் விளையாட்டை, நடத்திவருகிறோம்; அதை நிர்வகிக்கும் அட்மின்களில் நானும் ஒருவன். இறந்த பாத்திரம் மீண்டு வராது என்பது தொடக்கத்திலிருந்தே எங்கள் விதி. அண்மையில் ஒரு சண்டையின் நடுவே ஓர் ஆட்டக்காரரின் இணைய இணைப்பு அறுந்துபோனது. அவர் திரும்பி வருவதற்குள், நெடுங்காலமாக அவர் வளர்த்துவந்த பாத்திரம் கொல்லப்பட்டுவிட்டது. அதைத் திருப்பித் தரும்படி கேட்கிறார். கொடுத்தால் விதிக்கு மதிப்பிருக்காது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். வெறும் விளையாட்டுக்கு இத்தனை வருத்தமா என்று சிலர் அவரைக் கேலியும் செய்கிறார்கள். நிரந்தர மரணம் என்ற விதியே தேவைதானா என்று எனக்கு இப்போது ஐயமாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள், விதியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று உங்கள் குழு நம்புவதில்தான் சிக்கல் இருப்பதாக நினைக்கிறேன்.

முதலில் விதியைப் பற்றிச் சொல்கிறேன். துரத்திவரும் எதிரிகளைப் பார்த்து ஒரு பாத்திரம் தன் தோழர்களிடம், ‘நான் இங்கே நின்று தடுக்கிறேன், நீங்கள் ஓடுங்கள்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது உயிர்பெற்று வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அந்த வரியை எழுதியவருக்கும் படித்தவருக்கும் அதில் எந்தப் பதற்றமும் இருக்காது. திரும்பி வர இயலாது என்னும்போது அதே வரியை எழுத ஆட்டக்காரர் தயங்குகிறார். தயங்கிய பிறகும் எழுதினால், உடன் ஆடுபவர்கள் அதை மறப்பதில்லை. பின்வாங்குவதும், எதிரியோடு பேசிப் பார்ப்பதும், அஞ்சி ஒளிவதும்கூட அப்போது ஒரு பாத்திரத்தின் இயல்பாக மதிக்கப்படுகின்றன. எழுத்தில் நடக்கும் விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை. ஆகவே உங்கள் ஐயத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் அந்த வரிக்கு எடையைக் கொடுத்தது, விளைவை அறிந்தே எழுதியவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பது. இந்த விதியைக் கையாண்ட விளையாட்டுகள் பலவும் அந்தத் தேர்வுக்கு இடம்விட்டே அமைக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978இல் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டிலோடு சேர்ந்து உருவாக்கிய மட் (MUD) என்ற, பலர் கூடி எழுத்து வழியாக ஆடும் கணினி விளையாட்டில், சண்டையில் மடிந்த பாத்திரம் முற்றாக அழிந்துபோகும். வேறுவகை விபத்தில் இறந்தவர் மறுபடி உள்ளே வரலாம். 2000இல் வந்த டயாப்லோ 2 என்ற கணினி விளையாட்டு, ஒரே உயிர் கொண்ட ஹார்ட்கோர் முறையை எடுத்த எடுப்பில் யாருக்கும் திறந்துவிடவில்லை. சாதாரண முறையில் ஒருமுறை ஆட்டத்தை முடித்தவருக்கே அது கிடைத்தது. 2023 ஆகஸ்டில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டு தனி ஹார்ட்கோர் சர்வர்களைத் தொடங்கியபோது, ஒருவர் சாகும்வரை நடக்கும் ஒற்றைச் சண்டையையும் சேர்த்தது. இருவரும் சம்மதித்தால்தான் அது தொடங்கும்.

உங்கள் நண்பர் சண்டைக்குள் நுழைந்ததை விரும்பியே செய்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் அடிபட்ட நேரத்தில் அவர் அங்கே இல்லை. ஓடலாமா, சரணடையலாமா, நின்று சாகலாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு உங்கள் குழுவினர் சொல்லக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் தப்புவது ஹார்ட்கோர் ஆட்டக்காரர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். அதனால்தான் பெரிய நிறுவனங்கள், காரணம் எதுவானாலும் இறந்தது இறந்ததுதான் என்று கறாராக அறிவித்துவிடுகின்றன. பெருங்கூட்டத்தில் ஒவ்வொரு முறையீட்டையும் அவர்களால் விசாரிக்க இயலாது. அப்படி அறிவித்திருந்த, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனமே, 2025 மார்ச்சில் சர்வர்கள் திட்டமிட்டுத் தாக்கப்பட்டு ஹார்ட்கோர் பாத்திரங்கள் பல மடிந்தபோது, அந்தத் தாக்குதலால் இறந்தவற்றை உயிர்ப்பித்துத் தருவதாக அறிவித்தது. அதை நான் விதியின் தோல்வியாகப் பார்க்கவில்லை. ஆட்டத்துக்குள் நடந்த மரணத்தையும் ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த மரணத்தையும் பிரித்துப் பார்க்க அவர்கள் முன்வந்ததாகவே பார்க்கிறேன். உங்களுடையது சிறிய குழு. யார் எப்போது என்ன எழுதினார் என்ற பதிவு உங்களிடம் இருக்கிறது, ஆட்களையும் தெரியும், கேட்டு முடிவு செய்ய முடியும்.

திருப்பிக் கொடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். மந்திரத்தாலோ மருந்தாலோ அந்தப் பாத்திரம் எழுந்து வந்ததாகக் கதைக்குள் எழுதாதீர்கள். அப்படி எழுதினால், இதற்கு முன் இறந்த மற்ற பாத்திரங்களுக்கு ஏன் அந்த மந்திரம் கிடைக்கவில்லை என்ற கேள்வி நியாயமாகவே எழும். இணைப்பு அறுந்த அந்த இடத்துக்கே கதையைக் கொண்டுபோய், அதே எதிரிகளோடும் அதே காயங்களோடும் சண்டையை மறுபடி நடத்துங்கள். அவர் இம்முறையும் இறக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேலி செய்பவர்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய பாத்திரங்களின் கதையில், இறந்த அந்தப் பாத்திரம் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கடன்பட்டவர்கள், அதனிடம் வாக்குக் கொடுத்தவர்கள், அதைப் பழிவாங்கக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அது போனபோது ஏதோ ஒன்று பாதியில் நின்றிருக்கும். பலரோடு சேர்ந்து நெடுங்காலம் கட்டியெழுப்பிய ஒன்றை இழந்தவர் வருந்துகிறார். அதில் கேலிக்கு இடமே இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஹார்ட்கோர் சர்வர்களில், இறந்தவர் ஆவி வடிவில் சிறிது காலம் இருந்து நண்பர்களோடு பேசவும், கில்டின் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழுவின்) தலைமையை வேறொருவரிடம் ஒப்படைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் விளையாட்டிலும் இறப்பவருக்கு ஒரு கடைசிக் காட்சியை எழுதிக்கொள்ளும் உரிமை இருக்கட்டும்.

இணைப்பு அறுந்தால் எவ்வளவு நேரம் சண்டையை நிறுத்திவைப்பது, கடைசிக் காட்சிக்கு எத்தனை நாள் தருவது ஆகிய இரண்டையும் விதியில் சேர்த்து, அடுத்த சண்டை தொடங்குமுன் எல்லோருடைய ஒப்புதலையும் பெற்றுவிடுங்கள்.

அன்புடன்.