மங்கும் முகப்பு விளக்கு

கேள்வி: என்னிடம் 1962-ஆம் ஆண்டு ஜாகுவார் இ-டைப் கார் உள்ளது. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது முகப்பு விளக்குகள் மங்குகின்றன. பேட்டரியை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மின்சாரம் தயாரிக்க உங்கள் காரில் இருப்பது இன்றைய கார்களில் உள்ள ஆல்டர்னேட்டர் அல்ல, பழைய வகையான டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதனால் போதிய மின்சாரம் தர இயலாது என்பதால், விளக்கு சற்று மங்குவது இயல்பே. ஆக்ஸிலேட்டரை மிதித்த பிறகும் வெளிச்சம் கூடவில்லையென்றால், எர்த் இணைப்பை, அதாவது விளக்கையும் பேட்டரியையும் காரின் உலோக பாடியோடு சேர்க்கும் இணைப்பை, சோதியுங்கள். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை விளக்கின் எர்த் வயர் முனையிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இணைப்பைக் கழற்றி, பச்சையாகப் படிந்திருக்கும் களிம்பை உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தெடுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். 1964-இல் 4.2 லிட்டர் மாடல் வந்தபோதுதான் ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் வந்தன. ஆகவே, இன்றைய கார்களின் பழக்கத்தில் முனைகளை மாற்றி மாட்டிவிடாதீர்கள்.