செல்பேசிக் கேமராவின் சென்சார் ஒளியை எப்படிப் பிடிக்கிறது? இரவில் எடுக்கும் படங்கள் மட்டும் ஏன் புள்ளி புள்ளியாக வருகின்றன?

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒளியால் தன்னுள் விடுபட்ட எலக்ட்ரான்களைச் சேர்த்து வைத்து, பிறகு அவற்றை அளந்து சொல்லும் சிலிக்கான் தகடுதான் சென்சார். அந்த எலக்ட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம்.

சிலிக்கான் படிகத்தில் எலக்ட்ரான்கள் அணுக்களுக்கிடையிலான பிணைப்புகளில் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை விடுவிப்பதற்கு ஏறத்தாழ 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், சிவப்பு முனையில் சுமார் 1.8, ஊதா முனையில் சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வருவதால், சிலிக்கானில் உறிஞ்சப்படும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானை விடுவித்துவிடுகிறது. மிஞ்சிய ஆற்றல் வெப்பமாகக் கழிந்துவிடும். நீல ஒளி விடுவித்த எலக்ட்ரானும் சிவப்பு ஒளி விடுவித்த எலக்ட்ரானும் ஒன்றுபோலவே இருப்பதால், சென்சாருக்கு இயல்பில் நிறம் என்ற ஒன்றே தெரியாது. மேலும், 1.12 எலக்ட்ரான் வோல்ட் என்பது சுமார் 1100 நானோமீட்டர் அலைநீளத்துக்குச் சமம் என்பதால், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் சிலிக்கான் பிடித்துக்கொள்ளும். டிவி ரிமோட்டின் முனையைச் செல்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல செல்பேசிகளில் வெளிர் ஊதாவாக ஒரு மினுக்கல் தெரியும். பின்பக்கக் கேமராவில் அது தெரியாமல் போவது, அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி அங்கே வலுவாக இருப்பதால்தான்.

விடுபட்ட எலக்ட்ரானை அப்படியே விட்டால் அது மீண்டும் பிணைப்புக்குள் விழுந்துவிடும். அதற்கு முன்பே அதைப் பிரித்து இழுத்து ஓரிடத்தில் நிறுத்துவதற்காகவே சென்சாரின் சிறு கட்டமான ஒவ்வொரு பிக்சலிலும், ஒளியை மின்னூட்டமாக மாற்றும் ஒரு ஒளி டையோடும், அதனுள் ஒரு மின்புலமும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் எலக்ட்ரான்கள் அங்கே குவிந்துகொண்டிருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல்பேசிப் பிக்சலில் சில ஆயிரம் எலக்ட்ரான்களே கொள்ளும். பெரிய கேமராக்களின் ஆறு மைக்ரோமீட்டர் பிக்சலில் பல பத்தாயிரம் கொள்ளும். கொள்ளளவைத் தாண்டியபின் வரும் ஒளிக்குக் கணக்கே கிடையாது. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வானம் வெறும் வெள்ளையாகிவிட்டால், எந்தச் செயலியாலும் அங்கிருந்த மேகத்தை மீட்க முடியாமல் போவது இதனால்தான்.

அடுத்த வேலை அளப்பது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி என்னும் சென்சார் வகை, கான்கிரீட் போடும் நாளில் சாந்துச் சட்டி கைமாறி மேலே போவதைப் போல, ஒவ்வொரு பிக்சலின் மின்னூட்டத்தையும் அடுத்த பிக்சலுக்குத் தள்ளித் தள்ளி, ஓரத்தில் இருக்கும் ஒரே அளவிக்குக் கொண்டுசேர்த்தது. அவர்கள் அதை முதலில் நினைவகச் சாதனமாகவே எண்ணிப் பார்த்தார்கள் என்பதும், 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி அதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது என்பதும் சுவையான செய்திகள். இன்று நம் கையில் இருப்பது சிமாஸ் என்னும் மற்றொரு சென்சார் வகை. 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசமின் குழு வளர்த்தெடுத்த இந்த முறையில், ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு சிறு டிரான்சிஸ்டர் பெருக்கி இருப்பதால், மின்னூட்டம் நெடுந்தொலைவு பயணிக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான சிமாஸ் சென்சார்கள் வரிசை வரிசையாகவே வாசிக்கப்படுகின்றன. ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் படத்தில் வளைந்து தெரிவது அந்த நேர வேறுபாட்டின் விளைவு.

நிறத்துக்கு வருகிறேன். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் சதுரங்கக் கட்டம்போலப் பதிக்கப்படுகின்றன. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்க, மற்ற இரண்டும் அண்டைப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன. நீங்கள் பார்க்கும் வண்ணப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு எண்கள் ஊகித்து எழுதப்பட்டவை என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். விழும் ஒளியில் பெரும்பகுதியை வடிகட்டிகளே தின்றுவிடுகின்றன என்பது கூடுதல் இழப்பு.

இப்போது இரவுப் படம். எல்லாரும் சென்சாரைத்தான் குறை சொல்கிறார்கள். முதல் காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஃபோட்டான்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சராசரியாக 100 எலக்ட்ரான்கள் சேரவேண்டிய இடத்தில், ஒரு பிக்சலில் 91 இருக்கும், பக்கத்துப் பிக்சலில் 108 இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியது: 100க்கு 10, அதாவது பத்து விழுக்காடு, 10,000க்கு 100, அதாவது ஒரே விழுக்காடு. பகலில் எடுத்த சுவர் வழுவழுப்பாகவும், அதே சுவர் இரவில் புள்ளி புள்ளியாகவும் தெரிவதற்கு இந்தக் கணக்கே போதும். குறையே இல்லாத சென்சாரைச் செய்தாலும் இது நீங்காது. கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் குவிந்த சிறு மின்னூட்டம் பெரிதாக்கப்படுகிறதே தவிர, புதிதாக ஒரு ஃபோட்டான்கூட வருவதில்லை. ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே பெரிதாகிறது. ஆகவே செல்பேசி வாங்கும்போது மெகாபிக்சல் எண்ணைவிட, சென்சாரின் பரப்பையும் லென்ஸின் துளையளவையும் பார்ப்பதே உருப்படியான வழி என்பது என் கருத்து.

இதற்குமேல் சென்சாரின் சொந்தப் பங்கும் உண்டு. வாசிக்கும் மின்சுற்று ஒவ்வொரு முறையும் சில எலக்ட்ரான்கள் அளவுக்குப் பிழை சேர்க்கிறது. ஒளியே இல்லாதபோதும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டுக் குவிகின்றன. விண்மீன்களைப் பல நிமிடம் படமெடுக்கும் வானியல் கேமராக்களைக் குளிரூட்டி வைப்பது இதற்காகத்தான். செல்பேசியில் அந்த வசதி இல்லாததால், இரவுப் பயன்முறை வேறு வழியைக் கையாள்கிறது: அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அசையாத கட்டடங்களுக்கு இது மிக நன்றாக வேலை செய்யும். ஓடுகிற குழந்தையைப் படமெடுக்க வேண்டுமானால் ஒரு விளக்கைப் போட்டுவிடுவதே மேல்.