வெறுங்கையோடு வானம் பார்க்கப் போகலாமா?

கேள்வி: டெலஸ்கோப் வைத்திருக்கும் சிலர் வரும் அமாவாசையன்று ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கூடுகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் எந்தக் கருவியும் இல்லை. வெறுங்கையோடு போனால் தொந்தரவாக நினைப்பார்களோ?

பதில்: நினைக்கவே மாட்டார்கள். டெலஸ்கோப் வைத்திருப்பவருக்குத் தான் பார்ப்பதைவிட, அடுத்தவரைப் பார்க்கவைத்து அவர் வாயிலிருந்து வரும் ‘அடடா’வைக் கேட்பதில்தான் சுகம் அதிகம். எங்கள் கூட்டத்துக்கே உள்ள வியாதி இது. ஜான் டாப்சன் என்று ஒருவர் இருந்தார். ஒட்டுப்பலகையும் அட்டைக்குழாயும் வைத்துப் பெரிய டெலஸ்கோப்புகளைச் செய்தவர். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குழுவைத் தொடங்கி, நடைபாதையில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார். நீங்கள் போகும் இடத்தில் ‘டாப்சோனியன்’ ஒன்றாவது நிற்கும். அது அவர் வழி வந்தது.

வெள்ளை வெளிச்சம் மட்டும் கூடவே கூடாது. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். உங்கள் போன் திரை ஒருமுறை ஒளிர்ந்தால், பக்கத்தில் நிற்பவரின் அரை மணி நேரமும் போச்சு. மங்கலான சிவப்பு விளக்கு பரவாயில்லை. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேருங்கள், வண்டி விளக்கால் யாரிடமும் திட்டு வாங்க வேண்டியிருக்காது. கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம், போகஸைத் திருப்பிச் சரிசெய்தால் போதும். ஆனால் திருப்பும் முன் கருவிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தன் டெலஸ்கோப்பில் லகூன் நெபுலா என்ற வாயு மேகத்தைக் காட்டினார். படங்களில் ரோஜா நிறத்தில் ஜொலிப்பது, அங்கே சாம்பல் திட்டாகத் தெரிந்தது. கருவி சரியில்லையா?

பதில்: கருவியைக் குறை சொல்லாதீர்கள், பாவம். கேமரா நிமிடக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்கு அந்தச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. மங்கலான ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிறம் அறியும் கூம்பு செல்களுக்கோ அந்த வெளிச்சம் போதாது. அதனால்தான் சாம்பல்.

அதற்காக அதை விட்டுவிட வேண்டாம். முதலில், நேராகப் பார்ப்பதை நிறுத்துங்கள். விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே இல்லை. பார்வையைச் சற்று ஓரமாக வைத்துக்கொண்டு, கவனத்தை மட்டும் நடுவில் வையுங்கள். லைரா மண்டலத்தின் வளைய நெபுலாவை நேராகப் பார்த்தால் ஒரு மங்கல் திட்டு. ஓரக்கண்ணால் பார்த்தால் சின்னப் புகைவளையம், நடுவில் ஓட்டையோடு.

இரண்டாவது, அவசரப்படாதீர்கள். ஐபீஸில் ஐந்து விநாடி கண்ணை வைத்துவிட்டு ‘பார்த்துட்டேன், அடுத்தது?’ என்று நகர்கிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். ஹெர்குலிஸ் மண்டலத்தில் எம்13 என்றொரு கோளக் கொத்து இருக்கிறது. எட்மண்ட் ஹாலி 1714இல் கண்டது. 20,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால், லட்சக்கணக்கான நட்சத்திரங்கள். முதல் பார்வைக்கு ஒரு பஞ்சுத் துணுக்குதான். ஓரிரு நிமிடம் அங்கேயே இருங்கள். விளிம்பிலிருந்து தொடங்கி, பொடிப்பொடியாக நட்சத்திரங்கள் பிரிந்து வரும். வரிசையில் பின்னால் நிற்பவர் முனகினால் முனகட்டும்.

சரி, நிறம்தான் வேண்டும் என்றால் அல்பிரியோவைக் காட்டச் சொல்லுங்கள். சிக்னஸ் என்ற அன்னத்தின் அலகில் இருக்கும் இரட்டை நட்சத்திரம் அது. ஒன்று பொன், மற்றது நீலம். நெபுலாவின் ஒளி பரவிக் கிடக்கிறது. நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் குவிகிறது. அதனால் கூம்பு செல்கள் விழித்துக்கொள்கின்றன. சின்ன டெலஸ்கோப்பே போதும்.

கேள்வி: ‘500 மடங்கு பெருக்கும்’ என்று ஒரு டெலஸ்கோப் விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெட்டியின் மேல் மடங்கைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முகப்பு வில்லையின் அல்லது ஆடியின் விட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு என்பதுதான் பொதுவான எல்லை. 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120, அதுவும் நல்ல இரவில். அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும்.

கேள்வி: என் கணவர் பொழுது சாய்ந்ததுமே தன் 8 அங்குல டெலஸ்கோப்பைத் திறந்தவெளியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். அப்புறம் ஒரு மணி நேரம் அதைத் தொடவே விடுவதில்லை. நட்சத்திரம் எல்லாம் வந்த பிறகும் ‘இன்னும் ஆறவில்லை’ என்கிறார். என்னதான் ஆறுகிறது?

பதில்: கண்ணாடி. அவர் செய்வது சரிதான், அம்மா. கோடையில் வீட்டுக்குள் இருந்த ஆடி, வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கும். அதன் மேலிருந்து எழும் வெப்பக்காற்று குழாய்க்குள்ளேயே நெளியும். அந்த நேரத்தில் சனியைப் பார்த்தால், கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல வளையம் நடுங்கும். பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் தரையும் இதே வேலையைச் செய்யும். புல்தரையில் வைக்கச் சொல்லுங்கள்.

ஆறிவிட்டதா என்று நீங்களே சோதிக்கலாம். வேகா என்ற பிரகாசமான நட்சத்திரத்தின் பக்கத்தில் எப்சிலான் லைரே என்ற நட்சத்திரம் இருக்கிறது. பைனாகுலரில் இரண்டாகத் தெரியும். அவருடைய கருவியில் 150 மடங்கு வைத்துப் பார்த்தால், அந்த இரண்டும் தனித்தனியே இரண்டாகப் பிரிந்து, மொத்தம் நான்கு தெரிய வேண்டும். தெரிந்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், முதல் முறை உங்களுடையது. தெரியாவிட்டால் இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள்.