சர்வீசுக்கு வந்த லேப்டாப்பில் கண்ணில் பட்டது

கேள்வி: பல வருஷமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்கிறது என்று ஒரு லேப்டாப் வந்தது. டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, ஃபைல் ஒழுங்காகத் திறக்கிறதா என்று கடைப் பையன் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்திருக்கிறான். அதில் ஒன்று சின்னக் குழந்தையை வைத்து எடுத்த அசிங்கமான படம். கொண்டுவந்தவர் எங்கள் தெருக்காரர், வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வருகிறவர். லேப்டாப் இன்னும் கடையில்தான் இருக்கிறது. போலீசுக்குப் போயே ஆக வேண்டுமா? "நம்ம வேலை ரிப்பேர் பண்றது, அவன் பெட்டியில என்ன இருந்தா நமக்கென்ன" என்கிறார் மைத்துனர்.
(கடைக்காரர், ஈரோடு மாவட்டம்)

பதில்: மைத்துனர் சொல்வது மற்ற பல விஷயங்களில் சரிதான், அதற்குக் கீழே வருகிறேன். இதில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. டாக்டர், வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர், கம்ப்யூட்டர் கடைக்காரர் என்ற பாகுபாடெல்லாம் அதில் கிடையாது. சொல்லாமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் யார் யார் தகவல் தர வேண்டும் என்று தனியாக 20-ஆவது பிரிவும் இருக்கிறது. பத்திரிகை, ஹோட்டல், லாட்ஜ், ஆஸ்பத்திரி, கிளப், ஸ்டூடியோ, போட்டோ கடை என்று வரிசையாக எழுதியவர்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை விட்டுவிட்டார்கள். பிலிம் ரோல் கழுவிய காலம் அவர்கள் மனதை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. தென் கரோலினா போன்ற சில அமெரிக்க மாநிலங்கள் பிலிம் கழுவுகிறவரோடு கம்ப்யூட்டர் டெக்னீஷியனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. நம் சட்டத்தில் பெயர் இல்லையே என்று நீங்கள் சந்தோஷப்பட வழியில்லை, 19 எல்லோரையும் பிடித்துவிடுகிறது. போதாததற்கு 2020-ல் வந்த போக்சோ விதிகள், இப்படி ஒரு படம் எங்காவது சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் கிடைத்தாலே சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ, உள்ளூர் ஸ்டேஷனுக்கோ, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலோ சொல்ல வேண்டும் என்கின்றன.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில், இன்னொரு படத்தைத் திறக்காதீர்கள். "ஒன்றுதானா, நிறைய இருக்கிறதா, பார்த்துவிட்டுப் போவோம்" என்று தோன்றும், வேண்டாம், அது போலீஸ் வேலை. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், தெரிந்த ஏட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள், ஏனென்றால் அந்தப் படத்தை யார் அனுப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு நிற்கிறது, முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன் என்பதை அப்புறம் கோர்ட்டில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பயந்துபோய் அழித்தும் விடாதீர்கள், சாட்சியத்தை மறைத்தார் என்று உங்கள் மேலேயே திரும்பும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள். டேட்டாவை மாற்றினீர்களே, அந்த டிஸ்க் உங்களுடையது. அந்தப் படத்தின் ஒரு நகல் இப்போது உங்கள் கடை அலமாரியில் இருக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்போடு சேர்த்து அந்த டிஸ்க்கையும் போலீசிடம் கொடுங்கள், இரண்டையும் மகஜரில், அதாவது போலீஸ் கைப்பற்றும் பொருள்களின் பட்டியலில், எழுதச் சொல்லுங்கள், அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் கார்டை எடுத்து, லேப்டாப் என்றைக்கு வந்தது, சீரியல் நம்பர் என்ன, பையன் எந்த ஃபோல்டரை எத்தனை மணிக்குத் திறந்தான், எதற்காகத் திறந்தான் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். நீங்கள் சொல்கிற தகவலை ஸ்டேஷனில் எழுதிக்கொண்டு, அதற்கு ஒரு பதிவு எண் போட்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. பையனும் நீங்களும் சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போக வேண்டி வரலாம், அலைச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதுவரை தெருக்காரர் வந்து கேட்டால்? "பார்ட்ஸ் இன்னும் வரல சார்" என்று சொல்லுங்கள். ஊரில் எல்லா சர்வீஸ் கடையிலும் சொல்கிற வசனம்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவரிடம் நீங்களே விசாரிக்கவும் வேண்டாம், தெருவில் யார் காதிலும் போட வேண்டாம். அந்த லேப்டாப்பை வீட்டில் வேறு யார் தொட்டார்கள், செகண்ட் ஹேண்டில் வாங்கியதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லப் போவது "இந்தப் பெட்டியில் இது இருந்தது" என்பது மட்டும். "இவர் இப்படிப்பட்டவர்" என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை.

"சும்மா வைத்திருந்தேன், யாருக்கும் அனுப்பவில்லை" என்று அவர் சொன்னால் தப்பிவிடுவாரா என்றும் ஓரத்தில் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சென்னை அம்பத்தூர் வழக்கு ஒன்றில், தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்துவிட்டது. அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோவின் 15-ஆவது பிரிவுக்குள் வரக்கூடும் என்பதுதான் இப்போதைய நிலை.

கேள்வி: சர்வீஸ் கடைக்காரர்கள் குற்றத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்களைப் பற்றி? டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தேன், பின் நம்பரை வாங்கி ஸ்டிக்கரில் எழுதி போன் முதுகிலேயே ஒட்டினார்கள். அன்றிரவு தூக்கமே வரவில்லை.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் பயம் வீண் பயம் இல்லை. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆடியோ டிரைவரை மட்டும் அணைத்து வைத்து, மற்றபடி நல்ல நிலையில் இருந்த லேப்டாப்புகளை, உள்ளே நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்யும் ஏற்பாட்டோடு 16 கடைகளில் ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். சத்தம் வரவில்லை என்பது மட்டும்தான் புகார், அதற்கு யாருடைய போட்டோவையும் திறக்க வேண்டியதில்லை. ஆறு கடைகளில் சொந்த விஷயங்களைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், இரண்டு கடைகளில் நகலே எடுத்திருக்கிறார்கள். பெண்களுடையது என்று தெரிந்த லேப்டாப்புகளில்தான் இது அதிகம். ஹாங்காங்கில் நடிகர் எடிசன் சென் ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பில் இருந்த அந்தரங்கப் படங்கள் 2008-ல் ஊர் முழுக்கப் பரவியதும் இப்படித்தான், நகல் எடுத்த டெக்னீஷியன் அடுத்த வருஷம் எட்டரை மாதம் சிறைத் தண்டனை பெற்றார். அதற்குள் படங்களில் இருந்த பெண்கள் பட்ட பாட்டுக்கு எந்தத் தண்டனையும் ஈடாகாது.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் டேட்டாவை மோசடி எண்ணத்தோடு நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் அனுப்பினால் 66இ, இரண்டிலும் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் சட்டம் வருவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. டிஸ்ப்ளேயும் பேட்டரியும் மாற்ற பின் நம்பர் தேவையில்லை, உங்கள் எதிரிலேயே டச் வேலை செய்கிறதா என்று காட்டச் சொன்னால் போதும். பின் வேண்டும் என்று அடம் பிடித்தால் வேறு கடை பாருங்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் போன் காலி போனாகத்தான் கடைக்காரருக்குத் தெரியும், உங்கள் போட்டோவும் மெசேஜும் தென்படாது. போன் ஓடுகிற நிலையில் இருந்தால் தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே கொடுத்த பின் நம்பரை, இதைப் படித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முதல் ஆள் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கத் திறந்து பார்க்கிறான், இரண்டாவது ஆள் வம்புக்குத் திறந்து பார்க்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே? எல்லா டெக்னீஷியனும் எல்லா மெஷினையும் சோதித்துப் புகார் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: கேள்வி நல்ல கேள்வி, யோசனைதான் மோசம். வேலைக்கு இடையில் தானாகக் கண்ணில் படுவது வேறு, தேடிப் போவது வேறு. பிரிட்டிஷ் பாடகர் கேரி கிளிட்டர் 1997-ல் பிரிஸ்டல் பக்கம் ஒரு கடையில் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தார், வேலை பார்த்தவர் கண்ணில் குழந்தைகளின் படங்கள் பட்டன, போலீசுக்குப் போனது, 1999-ல் நான்கு மாதச் சிறைத் தண்டனை. அதில் யாரும் டெக்னீஷியனைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவில் நடந்த கதை வேறு மாதிரி. பெஸ்ட் பை நிறுவனத்தின் கீக் ஸ்குவாட் என்ற சர்வீஸ் பிரிவுக்கு கென்டக்கியில் ஒரு பெரிய ரிப்பேர் மையம். அங்கே இருந்த ஊழியர்கள் சிலர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 500 டாலர் பணமும் கைமாறியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு டாக்டர், ஆன் ஆகாத கம்ப்யூட்டரைச் சரிபார்க்கக் கொடுத்தவர், அப்படித்தான் மாட்டினார். கிடைத்த படம், அழிக்கப்பட்ட ஃபைல்கள் கிடக்கும் இடத்திலிருந்து தோண்டி எடுத்தது. அந்தப் படத்தைப் பற்றிய உண்மையை முழுதாகச் சொல்லாமல் வீட்டைச் சோதிக்க வாரண்டு வாங்கியிருக்கிறார்கள் என்று 2017-ல் நீதிபதி சொல்லி, வீட்டில் கிடைத்த ஆதாரங்களையே ஒதுக்கிவிட்டார். அந்த வருஷமே அரசு வழக்கைக் கைவிட்டது. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது விசாரிக்கப்படவே இல்லை.

பாருங்கள், கடைக்காரரைப் போலீஸ் ஆக்கினால் வாடிக்கையாளருக்கும் நஷ்டம், ஒருவேளை குற்றம் உண்மை என்றால் அந்தக் குழந்தைக்கும் நஷ்டம். போலீஸ் என் வீட்டுக்குள் வர வாரண்டு கேட்கிறோம், சர்வீஸ் பையன் 500 ரூபாய்க்கு அந்த வேலையைச் செய்துவிடலாம் என்றால் வாரண்டு எதற்கு? 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது சர்வீஸ் கவுண்டருக்கு முன்னால் நின்றுவிடாது. தேடச் சொல்லி சட்டம் வேண்டாம். இருக்கிற 20-ஆவது பிரிவில் கம்ப்யூட்டர், மொபைல் சர்வீஸ் கடைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஆரம்பித்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு கொடுத்தால் போதும். எதைச் சொல்ல வேண்டும், எதைத் தொடக்கூடாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று. இன்றைக்கு அந்தக் கடைப் பையன்களில் எத்தனை பேருக்கு 19-ஆவது பிரிவு என்று ஒன்று இருப்பதே தெரியும்?

கேள்வி: கஸ்டமர் ஒருவர் கம்ப்யூட்டரில் டேலியில் இரண்டு செட் கணக்கு ஓடுகிறது. ஒன்று அசல், ஒன்று வரி கட்ட. புகார் செய்யாவிட்டால் நானும் உடந்தையா?
(பெயர் வேண்டாம், சிவகாசி)

பதில்: இல்லை. இங்கேதான் மைத்துனர் சொன்னது சரி. குற்றம் தெரிந்தால் பொதுமக்கள் சொல்லியாக வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 33-ஆவது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. கொலை, கொள்ளை, பயங்கரவாதம், கள்ளநோட்டு என்று போகும் அந்தப் பட்டியலில் வரி ஏய்ப்பு இல்லை. அதனால் உங்களுக்குக் கட்டாயம் கிடையாது. அதே சமயம் "எனக்கு எல்லாம் தெரியும்" என்று கோடி காட்டி சர்வீஸ் சார்ஜைக் கூட்டிக் கேட்டீர்கள் என்றால், அது மிரட்டிப் பணம் பறித்தல், கம்பி எண்ணப் போவது அவர் இல்லை, நீங்கள். அப்புறம், டேலி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க இரண்டு செட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன வந்தது உங்களுக்கு?