ஆபரேஷன் செய்தால் காவல் போய்விடுமா?

நாய், பூனைக்குக் கருத்தடை செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரே கேள்வியை நாலைந்து ஊர்க்காரர்கள் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் லேப்ரடார் பெண்குட்டிக்கு ஏழு மாதம். இன்னும் ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வரவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். "ஒரு ஈத்தாவது போடட்டும், வாயில்லா ஜீவனுக்கு அதைக்கூடத் தராமல் இருப்பது பாவம்" என்கிறார் மாமியார். ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்று பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள்.
– வாசகி, மதுரை

உங்கள் மாமியார் பாவம் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் குட்டி போடாத நாய் அதை நினைத்து ஏங்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஒரு ஈத்து போட்டால் கர்ப்பப்பை சுத்தமாகும், கட்டி வராது என்பதெல்லாம் வாய்வழியாக வந்த பேச்சு. லேப்ரடார் ஒரே ஈத்தில் எட்டுக் குட்டி, பத்துக் குட்டி கூடப் போடும், அத்தனைக்கும் நல்ல வீடு தேடி அலையப் போவது யார் என்று வீட்டில் ஒரு முறை பேசிப் பாருங்கள்.

ஆபரேஷனால் வரும் பெரிய லாபம் இரண்டு. ஒன்று, கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் நோய், அதை அடுத்த கடிதத்தில் விரிவாகச் சொல்கிறேன். இன்னொன்று மடியில் வரும் கட்டி. 1969இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வைத்தான் இன்றுவரை எல்லா டாக்டர்களும் சொல்கிறோம்: ஆபரேஷன் செய்யாத நாய்க்கு இருக்கும் மடிப் புற்று அபாயத்தை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்த நாய்க்கு அது வெறும் 0.5, ஒரு ஹீட் முடிந்த பிறகு செய்தால் 8, இரண்டு ஹீட் ஆன பிறகு 26. இதை நூறு நாயில் எட்டு நாய்க்குப் புற்று வரும் என்று படித்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர், அப்படி இல்லை, இது ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு. 2012இல் இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் மறுபடி அலசியவர்கள், ஆதாரம் நாம் நினைத்த அளவுக்குக் கெட்டியாக இல்லை என்றும் சொன்னார்கள். என் அனுபவத்தில் மடியில் கட்டியோடு வரும் பெட்டை நாய்களில் பெரும்பாலானவை ஆபரேஷன் செய்யாதவை, ஆகவே அந்த எண்களை வரிக்கு வரி நம்பாவிட்டாலும் அது காட்டும் திசையை நம்புகிறேன்.

அப்படியென்றால் நாளைக்கே செய்துவிடலாமா என்றால், உங்கள் குட்டி லேப்ரடார் என்பதால் கொஞ்சம் பொறுங்கள். எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு உரிய காலத்தில் மூடிக்கொள்ள இனப்பெருக்க ஹார்மோன்களும் வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒரு வயதுக்குள் ஆபரேஷன் செய்த நாய்களுக்கு இடுப்பு, முழங்கால் மூட்டுத் தொந்தரவு அதிகமாகத் தெரிந்தது. பெரிய இனப் பெட்டை நாய்களுக்குப் பின்னாளில் தூங்கும்போது சிறுநீர் கசியும் பிரச்சினையும் வருவதுண்டு, அதற்கு மாத்திரை இருக்கிறது என்றாலும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. உங்கள் நாய்க்கு நான் சொல்வது, முதல் ஹீட் வரட்டும், அது முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். அந்த ஹீட்டின் மூன்று வாரமும் கயிறு இல்லாமல் வாசலுக்கே விடக் கூடாது, மொட்டை மாடியிலும் தனியே விட வேண்டாம். பொமரேனியன், பக் மாதிரி சின்ன இனம் என்றால் ஆறு மாதத்திலேயே செய்யச் சொல்லியிருப்பேன்.

ஒன்பது வயது பொமரேனியன், பெண். ஹீட் முடிந்து ஒரு மாதம் இருக்கும். நான்கு நாளாகத் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடிக்கிறது, சாப்பாட்டைத் தொடவில்லை, நேற்று இரண்டு முறை வாந்தி. வெயில் காரணமாக இருக்குமா?
– வாசகர், சேலம்

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் அன்றே போன் செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே விவரத்தோடு, இதே வெயில் சந்தேகத்தோடு வரும் நாய்கள் வருடம் முழுக்க உண்டு.

இதற்குப் பெயர் பயோமெட்ரா. ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும், கர்ப்பம் ஆனாலும் ஆகாவிட்டாலும், நாயின் உடம்பில் சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டரோன் ஹார்மோன் தூக்கலாக இருக்கும். கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, உள்ளே திரவம் சுரந்து, கர்ப்பப்பை வாய் மூடிக்கொள்கிறது. குட்டி தங்கினால் அதற்கு வசதி, தங்காவிட்டால் அங்கே போய்ச் சேர்ந்த கிருமிக்கு வசதி. வருடத்துக்கு இரண்டு முறை இப்படி நடந்து நடந்து, வயதாக ஆக ஏதோ ஒரு முறை சீழ் பிடித்துவிடுகிறது. ஸ்வீடனில் நாய்களுக்கான இன்ஷூரன்ஸ் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டை நாய்க்கு இது வந்திருந்தது. அங்கே பெரும்பாலானவர்கள் தங்கள் நாய்க்கு ஆபரேஷன் செய்வதில்லை, அதனால்தான் இப்படி ஒரு கணக்கே கிடைத்தது.

பின்பக்கம் சீழ் ஒழுகினால் வீட்டுக்காரர்கள் கவனித்துவிடுவார்கள். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டு எதுவும் வெளியே வராத வகைதான் ஆபத்து, விஷம் ரத்தத்தில் ஏறும், சிறுநீரகம் திணறும், அதனால்தான் அந்தத் தாகம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, டிரிப் ஏற்றித் தேற்றி, கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும். அதே ஆபரேஷன்தான், ஆனால் ஒரு வயதில் ஆரோக்கியமாகத் துள்ளிக்கொண்டிருந்தபோது செய்வதற்கும் ஒன்பது வயதில் சீழ் நிரம்பிய பையோடு மயக்க மருந்து கொடுத்துச் செய்வதற்கும் செலவிலும் ஆபத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹீட் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்துக்குள் பெட்டை நாய் தண்ணீர் அதிகம் குடித்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

ஒன்றரை வயதுக் கடுவன் பூனை. சோபா, திரைச்சீலை, ஸ்கூட்டர் என்று எல்லாவற்றின் மீதும் வாலைத் தூக்கிப் பீய்ச்சுகிறது. மூன்று நாள் காணாமல் போய், காது கிழிந்து வருகிறது. ஆபரேஷன் செய்தால் நிற்குமா? சுபாவம் மாறி மந்தமாகிவிடுமா?
– வாசகி, வேளச்சேரி, சென்னை

கடுவனுக்கு ஆபரேஷன் செய்யாமல் ஃபிளாட்டில் வைத்துக் காலம் தள்ளுகிறீர்களே, உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன்!

நிற்கும். பத்தில் ஒன்பது கடுவன்களுக்கு இந்தப் பீய்ச்சுதல் நின்றுவிடும், அல்லது வெகுவாகக் குறைந்துவிடும். மறுநாளே நிற்காது, ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும், உங்கள் பூனைக்குப் பழக்கம் முற்றிவிட்டதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆறு மாத வயதுக்குள் செய்திருந்தால் பெரும்பாலும் பழக்கமே வந்திருக்காது. வீட்டில் மூன்று நான்கு பூனை இருந்து ஒன்றோடு ஒன்று ஆகாமல் பீய்ச்சுகிறதென்றால் அதை ஆபரேஷன் மட்டும் சரி செய்யாது.

ஊர் சுற்றுவதும் குறையும். தெருவில் வண்டியில் அடிபட்டு வரும் பூனைகளிலும், கடி வாங்கிச் சீழ்க்கட்டியோடு வருபவற்றிலும் இந்த வயதுக் கடுவன்கள்தான் அதிகம். எஃப்.ஐ.வி. என்ற எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் வைரஸ் முக்கியமாகப் பூனைச் சண்டையில் ஆழமாகக் கடிபடுவதால்தான் பரவுகிறது, மனிதருக்கு வராது. மந்தமாகும் என்ற பயம் வேண்டாம், விளையாட்டும் பாசமும் எலி பிடிப்பதும் அப்படியே இருக்கும்.

இரண்டு விஷயம் கூடவே சொல்லிவிடுகிறேன். அந்த இடங்களைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது, பாதத்தில் பட்டு நக்கினாலே விஷம்தான். அப்புறம், நின்றபடி பீய்ச்சுவது வேறு, குந்தி உட்கார்ந்து முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது வேறு. இரண்டாவது சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம், ஆண் பூனைக்கு அது அன்றே பார்க்க வேண்டிய அவசரம்.

பத்து மாத ராஜபாளையம், ஆண். தோட்டக் காவலுக்கு வாங்கினோம். புதியவர்களைப் பார்த்தால் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டு குரைக்கிறது, கேஸ் சிலிண்டர் போடுபவரைக் கடிக்கப் போய்விட்டது. விதை எடுத்தால் சாந்தமாகும் என்கிறார் நண்பர். நாய் விற்றவரோ, எடுத்தால் காவலே போய்விடும் என்கிறார்.
– வாசகர், பொள்ளாச்சி

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

விதை எடுத்தால் குறைவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தூண்டிவிடும் வேலைகள்: நாலு தெரு தள்ளி ஒரு பெட்டை ஹீட்டுக்கு வந்தால் மதில் தாண்டி ஓடுவது, கண்ட இடத்தில் காலைத் தூக்குவது, ஆள் காலில் ஏறுவது, மற்ற ஆண் நாய்களோடு மோதுவது. வீட்டைக் காக்கும் குணம் விதையில் இல்லை. ராஜபாளையம் பெட்டை நாய் காவல் காப்பதில்லையா என்ன?

உங்கள் நாய் பதுங்கிக்கொண்டு குரைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அது வீரம் இல்லை, பயம். பயத்தில் கடிக்கும் நாய்க்கு ஆபரேஷன் மருந்து ஆகாது, சில நாய்களுக்கு அந்த வயதில் செய்தால் பயம் கூடவும் கூடும். குட்டியாக இருந்தபோது தோட்டத்திலேயே கட்டிப்போட்டு வளர்த்ததால் வெளியாட்கள் பழக்கமே இல்லாமல் போயிருக்கும். தினமும் வெளியே கூட்டிப்போங்கள், ஆட்களைத் தூரத்தில் இருந்து காட்டி, குரைக்காமல் நிற்கும்போது தின்னக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவாருங்கள். அடிக்காதீர்கள். அதுவரை சிலிண்டர்க்காரர் வரும் நேரத்தில் கூண்டில் விடுங்கள், ரேபிஸ் ஊசியைத் தவறவிடாதீர்கள்.

உயரமான இனம், எலும்பு வளர்ந்து முடிய ஒன்றரை வயது ஆகும், அதற்குப் பிறகு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். அப்போது செய்தால் விதையில் கட்டி வராது, வயதான காலத்தில் புராஸ்டேட் வீக்கம் வராது. புராஸ்டேட் புற்றைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அரிதான அந்த நோய் விதை எடுத்த நாய்களில்தான் சற்று அதிகம். இன்னொன்று, நம் தெருநாய்களிடம் சேர்க்கை மூலம் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி சகஜம், காம்பவுண்ட் தாண்டும் நாய் அதை வாங்கிக்கொண்டு வரும், வாராவாரம் கீமோ ஊசி போட வேண்டியிருக்கும். ஒரு விதை மட்டும் இறங்காமல் வயிற்றிலேயே நின்றிருந்தால் காத்திருப்பதை நீட்டிக்கொண்டே போக வேண்டாம், அது கட்டியாக மாறும் வாய்ப்பு அதிகம்.

ஹீட் வராமல் இருக்க ஊசி போட்டால் போதும், ஆபரேஷன் தேவையில்லை என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

வேண்டவே வேண்டாம். அது புரோஜெஸ்டரோன் வகை ஊசி. எந்த ஹார்மோனால் பயோமெட்ரா வருகிறது என்று மேலே சொன்னேனோ அதையே உடம்பில் ஏற்றுகிறீர்கள். மடிக்கட்டி, சர்க்கரை நோய் இரண்டுக்கும் வழி திறக்கும். பூனைக்குப் போட்டு மடி முழுக்க வீங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் செய்தால் குண்டாகிவிடும் என்பது உண்மையா?
– வாசகி, புதுச்சேரி

பாதி உண்மை. பசி கூடும், உடம்புக்கு வேண்டிய சக்தி குறையும். தட்டில் வைக்கும் சாப்பாட்டை நான்கில் ஒரு பங்கு குறைத்து, மாதம் ஒரு முறை எடை பாருங்கள். மற்றபடி நெய்ச்சோறும் பிஸ்கட்டும் போடுகிறவர் கையில்தான் இருக்கிறது.

கருத்தடை செய்து காதில் வெட்டு அடையாளம் போட்ட தெருநாய் கடித்தால் ரேபிஸ் வராதா?
– வாசகர், தாம்பரம்

வரலாம். அந்த வெட்டு ஆபரேஷன் ஆனதற்கான அடையாளம். அப்போது தடுப்பூசியும் போட்டிருப்பார்கள், ஆனால் அதை மறுபடி மறுபடி போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒரே ஈத்தில் பிறந்த ஆணும் பெண்ணுமாக இரண்டு பூனைக்குட்டி வளர்க்கிறோம், நான்கு மாதம் ஆகிறது. கூடப்பிறந்தவை என்பதால் சேராதுதானே?
– வாசகி, நாகர்கோவில்

பூனைக்கு அண்ணன் தங்கை தெரியாது. நான்கு, ஐந்து மாதத்திலேயே பெண் பூனை கர்ப்பமாகிவிடும், சுமார் ஒன்பது வாரத்தில் குட்டி, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கர்ப்பம். பூனைக்கு நாய் மாதிரி எலும்புக் கணக்குப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை, இரண்டுக்கும் இந்த மாதமே செய்யுங்கள். ஆறு மாதத்துக்குள் செய்தால் பெண்ணுக்கு மடிப் புற்று அபாயம் 91 சதவீதம் குறைகிறது என்று ஒரு ஆய்வு சொல்கிறது, பூனைக்கு வரும் மடிக்கட்டி பெரும்பாலும் புற்றாகவே இருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

குட்டிப் பூனை என்பதால் ஆபரேஷனுக்கு முன் இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள், எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். பெண்ணுக்குப் பத்து நாள் கழுத்தில் கூம்பு இருக்கட்டும், தையலை நக்கவிடக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது. இருவரையும் ஒரே நாளில் கூட்டிப்போக முடியாமல் ஆணுக்கு மட்டும் முதலில் செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் வரை குழாயில் தங்கிய விந்தணுவால் கர்ப்பமாக வாய்ப்புண்டு, அதனால் ஒரு மாதமாவது தனித்தனி அறையில் வையுங்கள்.