வரித்துறை பெயரில் போலி மெயில்: போன பணம் திரும்புமா?

கேள்வி: துணி மொத்த வியாபாரம் செய்கிறேன். வருமான வரித்துறை முத்திரையோடு 'நிலுவை வரி நோட்டீஸ்' என்று ஒரு மெயில் வந்தது. பதறிப்போய் அதிலிருந்த ஃபைலைத் திறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை இரவு, நடப்புக் கணக்கிலிருந்து 6 லட்சம் போனதாக எஸ்எம்எஸ். செவ்வாய்க்கிழமை வங்கியில் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் எல்லோர் முன்பும் அவமானப்படுத்தினார். தன் பெயரில் நடக்கும் மோசடியைத் தடுக்காத வரித்துறை மீதும் வங்கி மீதும் வழக்குப் போடலாமா? கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன். வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.

பதில்: வரித்துறையை விட்டுவிடுங்கள். எவனோ அதன் பெயரைத் திருடியதற்கு அது உங்களுக்கு நஷ்டஈடு தராது. 2019 அக்டோபர் 1 முதல் தன் கடிதங்களுக்கு அடையாள எண் போடுகிறது, அதை இணையத்தில் சரிபார்க்கலாம்; 'பார்த்தீர்களா?' என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். மேலாளர் பேசியது தப்புதான், ஆனால் அதனால் பணம் வராது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ல் புகார் பதிவாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: ஓடிபி எப்படிப் போனது?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. எஸ்எம்எஸ் வந்த நாள் கணக்கில் சேராது. சனிக்கிழமை வங்கி திறந்திருந்தாலும் செவ்வாய் மூன்றாம் நாள்தான். நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். ஆனால் ரகசிய எண்ணை நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் முழுக்க உங்கள் தலையில்.

கடிதத்தில் 'என் கவனக்குறைவால் ஏமாந்தேன், கருணை காட்டவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எழுதச் சொன்னார்கள்? உங்கள் தவறை நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான் என்று அந்த விதியே சொல்கிறது. அந்தச் சுமையை வங்கியின் தலையிலிருந்து நீங்களே இறக்கி வைத்துவிட்டீர்கள். உடனே இன்னொரு கடிதம் கொடுங்கள்: ஃபைலைத் திறந்தது மட்டுமே நான் செய்தது, ரகசிய எண் எதையும் யாருக்கும் தரவில்லை என்று. ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும்.

என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்த குழி இதுதான். இப்படிப்பட்ட ஃபைலில் ஒளிந்து வரும் வைரஸ், திரையில் வங்கிப் பக்கம் போலவே ஒன்றைக் காட்டும், அவசரத்தில் ஓடிபியைத் தட்டிவிடுவார்கள். வெட்கத்தில் வக்கீலிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். 'ஒன்றும் கொடுக்கவில்லை' என்று புகாரிலும் எழுதிவிடுவார்கள். பிறகு வங்கி தன் பதிவுகளை நீட்டும். அதோடு, நீங்கள் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். போலித் திரையில் ஏமாந்து தட்டியதற்கும், போனில் ஒருவனிடம் எண்ணைப் படித்துக் காட்டியதற்கும் வித்தியாசம் உண்டு, வாதாட இடமும் உண்டு. பொய்யாக மறுத்த பிறகு அதுவும் இல்லை.

அப்புறம் அந்தக் கம்ப்யூட்டர். இதைப் படித்த கையோடு கடைக்குப் போன் செய்து, கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று ஃபார்மட் அடித்துவிட்டால், வைரஸ் இருந்தது என்பதற்கே ஆதாரம் போய்விடும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ரசீதோடு வாங்கி வையுங்கள். மெயிலை அழிக்காதீர்கள்; ஃபார்வர்ட் செய்தால் அது வந்த வழியின் விவரம் போய்விடும், பிரிண்டில் அது வரவே வராது. மூல மெயிலாகவே சேமியுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு அசல் கைபடாமல் இருந்தால் நல்லது.

ஃபார்மட் ஏற்கெனவே நடந்துவிட்டதா? ஓடிபியும் தட்டினீர்களா? அப்படியானால் வங்கி பாதித் தொகை தர முன்வந்தால் பேசி வாங்கிக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் அலைய வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள். மோசடிக்காரன் கணக்கில் போலீஸ் முடக்கி வைத்த பணம் ஏதாவது இருந்தால், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு அதைக் கேட்கும் உரிமையை அந்தக் காகிதத்தில் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.